வீட்ல எத்தனை பேர்

வீட்டுக்காரர் ஐயாவோ அம்மாவோ, இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, வணக்கம்.

புரோக்கர் தம்பி ஒரு தாளைக் கையில திணிச்சு, "உங்களைப் பத்தி நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க அக்கா, இப்பல்லாம் வீடு பார்க்கப் போனா அப்படித்தான் கேக்கறாங்க"ன்னு சொன்னான். இது நான் ரெண்டாவது தடவை எழுதறது. முதல் தடவை எழுதினது பொய். அந்தப் பொய் என்னை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுன்னு இதுலயே சொல்லிடறேன். ஒரு பக்கத்துல அடங்காது, பொறுத்துக்கங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இப்ப இருக்கிற வீட்டை நாளைக்குக் காலி பண்ணியாகணும். போக இடம் இல்லை. அதனால சுத்தி வளைச்சுப் பேச எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. பொறுமை எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கிடையாதுன்னு என் தங்கச்சி சொல்லுவா.

எனக்கு அம்பத்தாறு வயசு. எடைமேடையில வேலை. ஜல்லி, மணல், சிமெண்ட் ஏத்திக்கிட்டுப் போற லாரிங்களைத் தரையோட தரையா இருக்கிற பெரிய இரும்புப் பலகை மேல நிறுத்தி எடை போடற இடம். முதல்ல காலி வண்டி, அப்புறம் லோடு வண்டி, கழிச்சா சரக்கோட எடை. முப்பது வருஷமா ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி, முன்னால மைக்கும் எடை காட்டற பெட்டியுமா உக்காந்திருக்கேன்.

இதுல ஒரு திருட்டுத்தனம் உண்டு. காலி வண்டியை எடை போடும்போது ஆளுங்க இறங்கிடுவாங்க. லோடு வண்டியை எடை போடும்போது ஒருத்தன் உள்ளயே படுத்துக்குவான். அவனோட அறுபது கிலோவும் ஜல்லிக் கணக்குல சேர்ந்துடும். அதனால ஒவ்வொரு வண்டி ஏறும்போதும் மைக்குல கேப்பேன்: "வண்டியில எத்தனை பேர்?" ஒரு டிரைவர், நான் மட்டும்தான் அக்கா, என் தாய் மேல சத்தியம்னான். சீட்டுக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருந்த போர்வை தும்முச்சு. அவனை மைக்குல நான் கேட்ட கேள்வி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுதாம். ஆளை மறைக்கிறவங்களைக் கண்டா எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அன்னியிலேர்ந்து டிரைவருங்க எல்லாருக்கும் நான் எத்தனைபேரக்கா. என் சொந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு.

குடும்பம்னு கேட்டா, ஆறு வருஷம் ஒருத்தரோட குடித்தனம் நடத்தினேன். ஏழாவது வருஷம் மூணு சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு, வெளியூர்ல வேலைன்னு போனார். இஸ்திரி போட்டுக் கொடுத்ததே நான்தான். இன்னும் வந்து சேரல. குழந்தை இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. கூடப்பொறந்தவ ஒரு தங்கச்சி, ரெண்டு மணி நேர பஸ் பயணத்துல இருக்கா. நல்லவ. "வந்து எங்களோட இரு அக்கா"ன்னு அழுதுகிட்டே கூப்பிட்டா. "நாயை மட்டும் விட்டுட்டு வா"ன்னும் சொன்னா. அவ புருஷனுக்கு நாய் முடி பட்டா மூச்சு இழுக்கும். சும்மா சொல்றதில்லை, நானே பார்த்திருக்கேன், உதடெல்லாம் நீலமாயிடும். அவர் மேல எப்படிக் கோவப்படறது?

ஆமா, நாய் இருக்கு. பிரச்சனையே அதுதான். இந்த இடத்தோட தாளை மடிச்சு வைக்கறதா இருந்தா வெச்சுடுங்க. ஏற்கெனவே பத்தொம்பது வீட்ல இல்லைன்னு சொல்லியாச்சு.

விலங்குகள்னா எனக்கு உயிர்னெல்லாம் எழுத மாட்டேன். பூனைக்கும் எனக்கும் ஆகாது. புறா ஜன்னல்ல உக்காந்தா விரட்டுவேன். மாடு ஏத்திக்கிட்டு வர்ற லாரிக்கு மட்டும், உள்ள இருக்கிறதுங்களுக்குத் தண்ணி காட்டாம எடைச்சீட்டு தர மாட்டேன். அது பிரியம் இல்லை, மனுஷனா பொறந்தா செய்யறது. டிரைவருங்க முணுமுணுப்பாங்க. வாளி அங்க இருக்கு, குழாய் இங்க இருக்குன்னு கையைக் காட்டிட்டு உக்காந்துக்குவேன்.

பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலி வண்டி எடை போட்டுட்டு இறங்கிப் போச்சு. பலகை மேல என்னமோ அசைஞ்சுது. பார்த்தா ஒரு நாய்க்குட்டி. பொட்டை. வண்டியிலேர்ந்து விழுந்துச்சா, வேணும்னே விட்டுட்டுப் போனாங்களா தெரியாது. எடைப்பெட்டியைப் பார்த்தேன், பூஜ்யம். எங்க எடைமேடை பத்து பத்து கிலோவாத்தான் எண்ணும். நாலு கிலோ, மூணு கிலோ எல்லாம் அதுக்குக் கண்ணு தெரியாது. அப்படி விட்டுப்போற எடையை டிரைவருங்க சில்லறைன்னு சொல்லுவாங்க. பெட்டி பூஜ்யம்ங்குது, அது பலகை நடுவுல நின்னு என்னைப் பார்த்து வாலை ஆட்டுது. சில்லறைன்னே கூப்பிட்டேன். அதுவும் வந்துச்சு.

வளர்ந்து பெருசானதும் ஒரு நாள் பலகை மேல படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. வண்டி எதுவும் இல்லை, பெட்டியில இருபதுன்னு காட்டுது. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, ரிப்பேர்காரருக்கு போன் பண்ணி, அவர் வந்து கீழ குனிஞ்சு எல்லாத்தையும் ஆராய்ஞ்சு, கடைசியில எழுந்து நின்னு, "அக்கா, நாயை எழுப்புங்க"ன்னார். அதுலேர்ந்து மாசம் ஒரு தடவை அதைப் பலகையில நிறுத்தி எடை பார்க்கிறது வழக்கமாயிடுச்சு. எப்பப் பார்த்தாலும் இருபது.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன். மாடியில ஒரு ரூமும் சமையலறையும். பதினொரு வருஷமா இருக்கேன். வீட்டுக்காரர் இறந்து, மகன் வித்துட்டார். வாங்கினவங்க இடிச்சுக் கட்டப் போறாங்க. மூணு மாசம் டயம் கொடுத்தாங்க, குறை சொல்ல முடியாது. மூணு மாசத்துல பத்தொம்பது வீடு பார்த்தேன். நாயா, குழந்தைங்க இருக்காங்கன்னு சிலர். நாயா, ராத்திரி நாங்க தூங்க வேண்டாமான்னு சிலர். ஒரு வீட்ல நாயைப் பத்தி ஒண்ணுமே பிரச்சனை இல்லைன்னாங்க. எனக்கு அப்படியே காலு தரையில படல. அப்புறம், தனியா இருக்கிற பொம்பளைக்குத்தான் கொடுக்கறதில்லைன்னாங்க. சில்லறை தனியாப் போய்க் கேட்டிருந்தா அந்த வீடு கிடைச்சிருக்கும்.

நாய்க் காப்பகத்துக்கும் போனேன். மறைக்க மாட்டேன், போனேன். அங்க இருந்த பொண்ணு வயசைக் கேட்டா. பதிமூணுன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டா. "வயசானதை யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்கம்மா. கூண்டுல இருந்தே..."ன்னு நிறுத்திட்டா. மிச்சத்தை நான் கேக்கல, எழுந்து வந்துட்டேன்.

இருபதாவது வீடு ஒரு அடுக்குமாடியில. லிப்ட் உண்டு, ரெண்டு பக்கமும் ஜன்னல், என் வேலைக்கு நடந்தே போயிடலாம். அங்க குடியிருக்கிறவங்களோட கமிட்டி நேர்ல பார்த்துப் பேசித்தான் ஆளை விடுவாங்களாம். நாய் கூடவே கூடாது. புரோக்கர் தம்பி ஒரு யோசனை சொன்னான். "நாய்ங்கற வார்த்தையே வரக்கூடாது அக்கா. முதல்ல நீங்க மட்டும் போங்க. அது ரெண்டு வாரம் உங்க ஆபீஸ் ரூம்ல இருக்கட்டும். அப்புறம் மெதுவா உள்ள கொண்டு போயிடலாம். உள்ள வந்தாச்சுன்னா யாரும் தூக்கி வெளிய போட முடியாது." கமிட்டி கொடுத்த விண்ணப்ப பாரத்துல அவனே எழுதிட்டான்: வீட்டில் உள்ளவர்கள், ஒருவர். செல்லப்பிராணி, இல்லை. பொழுதுபோக்குன்னு ஒரு இடத்தைக் காலியா விட்டு, இதை மட்டும் நீங்க எழுதுங்கன்னான்.

அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில நடப்பேன். யாரோட? பாட்டு கேப்பேன். தனியாவா கேக்கறேன்? இடி இடிச்சா அது நடுங்கும், அந்தச் சத்தம் கேக்காம இருக்கத்தான் ரேடியோவே வாங்கினேன். பேப்பரைச் சத்தமாப் படிப்பேன், ஏன்னா படிக்கும்போது அது என் கால் மேல தலையை வெச்சுக்கிட்டுக் கேக்கும், அதுவும் வானிலை அறிக்கைன்னா கண்ணைக் கூட மூடாது. நாயை எடுத்துட்டுப் பார்த்தா என் பொழுதுல ஒண்ணுமே மிஞ்சல. கடைசியில நடப்பது, பாட்டு, பத்திரிகைன்னு மூணு வார்த்தை எழுதினேன். எழுதும்போது கையே எனக்குப் பிடிக்கல.

போன புதன்கிழமை சாயங்காலம் போனேன். கீழ்த்தளத்துல ஒரு ஹால், ஓரமா மடிச்சு வெச்ச டேபிள் டென்னிஸ் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிங்க. கமிட்டித் தலைவர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், கையில நோட்டு. பக்கத்துல செயலாளர், பல் டாக்டரம்மா, நாப்பது வயசு இருக்கும். புரோக்கர் தம்பி கதவுக்கிட்ட நின்னான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா"ன்னார் தலைவர். ஒப்பிச்சேன். வேலையைச் சொன்னேன், தங்கச்சியைச் சொன்னேன், நடப்பேன்னு சொன்னேன்.

"நானும் நடப்பேன். எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

"அஞ்சு மணிக்கெல்லாம் எழுப்பிடும் சார்."

"யாரு?"

"அலாரம்"னேன். புரோக்கர் தம்பி கூரையைப் பார்த்தான்.

தலைவர் சிரிச்சுக்கிட்டே நோட்டுல எழுதினார். அவருக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு, முகத்துலயே தெரிஞ்சுது. கடைசியா, பாரத்துல இருந்ததையே ஒரு தடவை வாயால கேட்டு வெச்சுக்கலாம்னு கேட்டார்.

"வீட்ல எத்தனை பேர்?"

முப்பது வருஷமா நான் கேட்ட கேள்வி. ஒரு நாளைக்கு எண்பது தடவை, தொண்ணூறு தடவை. ஒருத்தர் கூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. ஆளை மறைச்சவனை எல்லாம் மைக் வெச்சுத் திட்டின வாய் இது.

"ரெண்டு பேர்"னேன்.

தலைவர் பாரத்தைப் பார்த்தார். "இதுல ஒருவர்னு போட்டிருக்கே?"

அந்த நேரம் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். தங்கச்சி அப்பப்ப வருவான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. "ஒரு நாய் இருக்கு சார். பதிமூணு வயசு. பேரு சில்லறை"ன்னேன். புரோக்கர் தம்பி கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போயிட்டான்.

திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டல. பல் டாக்டரம்மாதான் பேசினாங்க. அவங்க வீட்லயும் ஒண்ணு இருந்து போன வருஷம் போயிடுச்சாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. சட்டம் போட்டது அதுக்கப்புறமாம். இப்ப அவங்களே இன்னொண்ணு கொண்டு வர முடியாதாம். "உங்களோடதுக்கு உடம்பு எப்படி?"ன்னு கேட்டாங்க. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுதுன்னு கால்நடை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாப்பாடு குறைஞ்சதைச் சொன்னேன். அக்கறையாத்தான் கேட்டுக்கிட்டாங்க. தலைவர்கிட்ட குனிஞ்சு ஏதோ பேசினாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

"அம்மா, இந்த வீட்டு ஓனர் வெளிநாட்ல இருக்கார், அவசரம் இல்லை. உங்களுக்காக நாங்க சொல்லி வைக்கிறோம். அது... அதோட காலம் முடிஞ்சதும் நீங்க வாங்க. வேற யாருக்கும் கொடுக்க மாட்டோம். ரெண்டு மாசம் போதுமா?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? வீட்டுக்காரரே, நீங்களே சொல்லுங்க.

"போதும்"னு சொன்னேன்.

தலைவர் அழகான கையெழுத்துல நோட்டுல எழுதினார்: இரண்டு மாதம் கழித்து வருகிறார். நான் ரெண்டு பேருக்கும் நன்றி வேற சொல்லிட்டு வந்தேன்.

வெட்கத்தை விட்டு எழுதறேன். பஸ்ஸுல திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. மூணு மாசத்துல முதல் தடவையா தோள் ரெண்டும் இறங்குச்சு. ரெண்டு மாசம் எங்கயாவது தள்ளிடலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுது. கட்டிலை ஜன்னல் ஓரமாப் போட்டேன், மனசுக்குள்ள. பச்சைத் திரையை மாட்டினேன். சமையலறையில ஃப்ரிட்ஜுக்கு இடம் தேடி, மூலையில வெச்சேன். வெச்சதுக்கப்புறம்தான் உறைச்சுது. இந்த வீட்ல அந்த மூலையில அதோட தண்ணிச் சட்டி இருக்கு. பதினொரு வருஷமா அந்த இடத்துல வேற எதையும் நான் வெச்சதில்லை. நான் பாட்டுக்கு அது இல்லாத வீட்டைச் சாமான் வரைக்கும் அடுக்கி முடிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். மேல் படியில நின்னுக்கிட்டிருந்துச்சு. இப்ப தானா இறங்க முடியாது, மூட்டு பிடிச்சுக்குது, அதனால மேல் படியில நின்னுக்கிட்டே வாலை ஆட்டும், நான் ஏறி முடிக்கிற வரைக்கும். எனக்கு ஏற முடியல. பாதிப் படியில உக்காந்துட்டேன். பாவி, பாவின்னு என்னையே திட்டிக்கிட்டேன். அது என்ன நினைச்சுதோ, ஒவ்வொரு படியா முன்னங்காலை வெச்சு, சறுக்கி, நின்னு, மறுபடி வெச்சு, என்கிட்ட வரைக்கும் இறங்கி வந்துச்சு. வந்து என் பையை மோந்து பார்த்துச்சு. வெளிய போயிட்டு வந்தா அதுக்கு ஏதாவது வாங்கிட்டு வருவேன். அன்னிக்கு ஒண்ணும் வாங்கல.

வியாழக்கிழமை காலையில வேலைக்குத் தூக்கிட்டுப் போனேன். முதல் வண்டி வர்றதுக்கு முன்னாடி பலகையில நிறுத்தினேன். நாலு மாசமா நான் அதை எடை பார்க்கல. வீடு தேடற அலைச்சல்னு சொல்லிக்கிட்டேன். நிஜம் என்னன்னா, பார்க்க பயம். பெட்டியில பத்துன்னு வந்துச்சு. பலகையைக் கூட்டிட்டு மறுபடி நிறுத்தினேன். பத்துதான்.

அப்படியே அங்கேர்ந்து பல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, ரெண்டு மாசம்னு சார் நோட்டுல எழுதினாருல்ல, அதை அடிச்சிடச் சொல்லுங்க."

"ஏம்மா? வேற வீடு கிடைச்சுடுச்சா?"

"இல்லம்மா. காலையில எழுந்ததும் முதல் வேலையா அது மூச்சு விடுதான்னு பார்ப்பேன். இவ்வளவு நாளா எதுக்குப் பார்க்கிறேன்னு எனக்குத் தெரியும். இனிமே பார்த்தா, எதுக்குப் பார்க்கிறேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

அவங்க பின்னால பல்லைக் குடையற மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. "புரியுது"ன்னாங்க. "ஆனா சட்டத்தை நான் ஒருத்தியா மாத்த முடியாதும்மா"ன்னாங்க. அதுவும் நிஜம்தான். வெச்சுட்டேன்.

என்னைப் பத்திச் சொல்றதுக்கு இவ்வளவுதான் இருக்கு. குரைக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன், லாரி ஹாரன் கேட்டா ஒரு தடவை குரைக்கும், பழக்கதோஷம். சில நாள் தரையை நனைச்சுடும், உடனே துடைச்சிடுவேன். பகல்ல என்னோட வேலைக்கு வந்துடும். எவ்வளவு நாள்னு கேட்டா எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அது போனதுக்கப்புறம் எனக்கு வீடு கொடுக்க ஆளு இருக்காங்க. தங்கச்சி இருக்கா, கமிட்டி இருக்கு. அது இருக்கிறப்ப ஒரு வீடு வேணும். மாடி வேண்டாம், கீழ்வீடு, ஒரு ரூமா இருந்தாலும் போதும், ஒழுகினாலும் பாத்திரம் வெச்சுக்கறேன்.

சாமான் எல்லாம் கட்டி வெச்சாச்சு, தண்ணிச் சட்டியைத் தவிர. ஒரு லாரி டிரைவர் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றேன்னு அவனாவே சொன்னான். போர்வை தும்மின வண்டிக்காரன்தான், அவனுக்கே இப்ப நரைச்சுப் போச்சு. இன்னிக்குக் காலையில போன் பண்ணினான். வண்டியில எத்தனை பேர்னு அவன் கேக்கல. முன்சீட்டுல அந்தப் போர்வையை விரிச்சு வெச்சிருக்கானாம், அதுக்குப் படுக்கச் சௌகரியமா இருக்கும்னான். எங்க இறக்கணும்கறதை மட்டும் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு எத்தனைபேரக்கான்னான்.

இப்ப மணி நாலரை. நான் இன்னும் சொல்லல.